திறந்தாலும் பிழை, மூடினாலும் பிழை: பழைய பாணி ஆர்பிஜிக்கு அறச்சிக்கல் எழுதிறது எப்பிடி?

உவர்க்கிணறு கேட்டது:

ஆர்பிஜி எண்ட, ஒரு பாத்திரமா நிண்டு விளையாடுற கதைக் கேமுகளைச் செய்யிற மென்பொருள் ஆர்பிஜி மேக்கர் எம்இசட். அதில 16 பிட் பாணியில ஒரு சின்னக் கேம். களம் வடமராட்சி மாதிரி ஒரு ஊர். கதாநாயகன் வாள் பிடிக்கிற ஆள் இல்லை, கடல்நீரேரி வாயில இருக்கிற தடுப்பணையின்ர கதவுகாவலன். கதவைத் திறந்தால் கடல்தண்ணியோட இறாலும் உள்ளுக்கு வரும், சிறகுவலை கட்டிப் பிடிக்கிற சிறகுவலைக்காரருக்குப் பிழைப்பு. மூடி வைச்சால் மாரித்தண்ணி தேங்கி நிண்டு கிணறுகள் நல்லதண்ணியாகும், வெங்காயமும் புகையிலையும் செய்யிற ஆக்களுக்குப் பிழைப்பு. ரண்டு பக்கமும் நியாயம் இருக்கு எண்டுதான் இந்தக் கதையை எடுத்தது.

சிக்கல் என்னெண்டால், விளையாடிப் பாக்கிறவை எல்லாரும் யோசிக்காமல் ஒரே பக்கத்தைத்தான் அமத்தினம். இப்ப இருக்கிற அமைப்பு: ‘தர்மம்’ எண்டு ஒரு மாறி, -100 தொடக்கம் 100 மட்டும். ஒவ்வொரு தெரிவுக்கும் 10 கூடும் அல்லது குறையும். மூலையில ஒரு பட்டை காட்டும். 50க்கு மேல போனால் கோயில் ஐயர் ஒரு தாயத்துத் தருவார். பட்டை இறங்கினதைக் கண்டால் உடன பழைய சேவை, அதாவது முன்னம் பதிஞ்சு வைச்ச கேம் நிலையைத் திறந்து மற்றதை அமத்தினம்.

பட்டையை மறைச்சால் போதுமோ? சேவைத் திருப்பித் திறக்கிறதை எப்பிடிச் சமாளிக்கிறது? பழைய கேமுகளில இதை ஒழுங்காச் செய்தது எது?

பழையகசற்:

பட்டையை மறையுங்கோ, ஆனால் அது கால்வாசி வேலைதான். உங்கட கேமில ஆக்கள் கதவைப் பற்றி முடிவெடுக்கேல்லை, தாயத்தைப் பற்றித்தான் முடிவெடுக்கினம். தாயத்தைத் தூக்கிப் போட்டிட்டு ஒருக்கால் விளையாடக் குடுத்துப் பாருங்கோ, கதை அப்பவே வேற மாதிரிப் போகும்.

எண்ணிறதை மறைச்சு வைச்ச பழைய கேமுகளில ஒண்டு 1985இல வந்த அல்டிமா நாலு. ரிச்சர்ட் கேரியற் அதில வில்லன் எண்டு ஒருத்தனையும் வைக்கேல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு எண்டு எட்டுக் குணத்தையும் நிரப்பிறதுதான் கேம். ஒவ்வொண்டுக்கும் உள்ளுக்க ஒரு எண் ஓடும், திரையில வராது. மூலிகை விக்கிறவவுக்குக் கண் தெரியாது, காசை நீங்களே எண்ணிக் குடுக்கோணும். குறைச்சுக் குடுத்தாலும் சாமான் கைக்கு வரும், ஒரு சத்தமும் வராது, நேர்மை மட்டும் இறங்கும். சண்டையில பின்வாங்கினால் வீரம் இறங்கும், வைத்தியசாலையில ரத்தம் குடுத்தால் தியாகம் ஏறும். எங்க நிக்கிறம் எண்டு அறிய, கோட்டையில இருக்கிற ஹோக்விண்ட் எண்ட ஞானியிட்டப் போய்க் கேக்கோணும். அவரும் எண் சொல்லார், வாயாலதான் சொல்லுவார்.

உங்களுக்கு இதில எடுக்கக்கூடியது மறைக்கிற முறை மட்டும்தான். எட்டையும் ஒராள் ஒரே நேரத்தில நிரப்பலாம், ஒண்டோடொண்டு பெரிசா முட்டாது. அதால அது ஒழுக்கக் கேமே தவிர சிக்கல் கேம் இல்லை. சிக்கல் வந்தது 1988இல, அஞ்சாம் பாகத்தில. அதே எட்டுக் குணத்தையும் பிளாக்தோர்ண் எண்ட ஆட்சியாளன் சட்டமாக்கி விடுறான்: பொய் சொன்னால் நாக்குப் போகும், வருமானத்தில பாதியைத் தருமம் செய்யாட்டில் வருமானமே இல்லை. நாலாம் பாகத்தில நீங்கள் ஓடியோடிச் சேர்த்த நல்லதெல்லாம் இதில ஆக்களை வதைக்கிற கருவி. பேந்து 1990இல ஆறாம் பாகத்தில, பேய் எண்டு வெட்டின கார்கொயில் எண்ட இனத்தின்ர கண்ணில நீங்கள்தான் அவையின்ர புனித நூலைக் கொண்டுபோன கள்ளன்.

இனி உங்கட கதவு. ‘தர்மம்’ மாறியை அழிச்சிட்டு மூண்டு வையுங்கோ: சிறகுவலைக்காரரின்ர நம்பிக்கை, தோட்டக்காரரின்ர நம்பிக்கை, கிணத்து உவர். முதல் ரண்டும் ஆக்கள் என்ன நினைக்கினம் எண்டது. மூண்டாவது ஒருத்தரும் நினைச்சு மாத்தேலாதது. உவரை 20இல தொடங்குங்கோ. கதவு திறந்த நாளுக்கு 3 கூட்டுங்கோ, மூடின நாளுக்கு 1 குறையுங்கோ. ரண்டையும் சமனா வைக்க வேண்டாம், உப்பு வாற கெதியில போகாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லுக்குள்ள நல்லதண்ணி உவர்த்தண்ணிக்கு மேல வில்லை மாதிரி மிதந்துகொண்டு நிக்குது. மேல கனக்க இறைச்சால் கீழ நிக்கிற உப்பு எழும்பி வரும்.

இந்தக் கடைசி வரியிலதான் உங்கட கேம் இருக்கு. தோட்டக்காரரின்ர நம்பிக்கை 60ஐத் தாண்டினால் அவையின்ர கையில காசு புழங்குது எண்டு அர்த்தம். காசு வந்தால் மோட்டர் வாங்குவினம். மோட்டர் வந்த நாள் தொடக்கம் கதவு மூடியிருந்தாலும் நாளுக்கு உவர் 2 கூடட்டும். மூடினதால 1 குறையும், இறைச்சதால 2 கூடும், மிச்சம் நாளுக்கு 1 ஏறும். திறந்து வைச்சால் 7 நாளில 40ஐத் தொடுற உவர், மூடி வைச்சாலும் மோட்டரோட 20 நாளில தொடும். நீங்கள் ஆருக்குக் கதவை மூடினீங்களோ, கிணத்தைக் கெடுக்கிறதும் அவைதான். அதுக்காக அவையைக் கெட்டவை எண்டும் சொல்லேலாது, பிள்ளையளைப் படிப்பிக்கத்தான் இறைக்கினம்.

சிறகுவலை:

கேம் பற்றி அவ்வளவு தெரியாது, தண்ணியைப் பற்றி ஒண்டு. ஐப்பசி, கார்த்திகையில மாரி பலமாப் பெய்தால் வெள்ளத்தை வெளிய விடக் கதவைத் திறக்கத்தான் வேணும், திறக்காட்டில் கரையோர வயல் முழுக்கத் தாண்டுபோகும். அந்த நேரம் உள்தண்ணிதான் கடலுக்குப் போகும், உப்பும் கழுவுப்படும். அதால மாரியில திறந்தால் உவர் கூடாது, குறையோணும். கோடையில ஏரி வத்திக் கடல்மட்டம் உயரேக்க திறந்தால்தான் உப்பு உள்ளுக்கு ஏறும். உங்கட கணக்கில மாதம் எண்டொரு மாறியும் வேணும்.

பழையகசற்:

நல்ல திருத்தம், கேமுக்கும் அது உதவும். மாரி ரண்டு மாதமும் ரண்டு பகுதியும் ஒத்துப்போகினம், கோயில் திருவிழாவை அந்த இடத்தில வையுங்கோ. பங்குனி பிறக்க அதே ஆக்கள் அதே கதவடியில நிண்டு சண்டை பிடிப்பினம்.

மூண்டாம்பாதை:

எண்களைப் பற்றி மேல சொன்னது சரி, ஆனால் எண்ணாலதான் அறச்சிக்கல் வரும் எண்டது எனக்கு உடன்பாடில்லை. முடிவெடுக்கிற நேரத்தில ஆருக்கு என்ன தெரியும், கட்டளை ஆரிட்ட இருந்து வருது, மாட்டன் எண்டு சொன்னால் என்ன நடக்கும் எண்ட மூண்டிலதான் அது இருக்கு.

1995இல சூப்பர் பமிகொம் எண்ட நிண்டெண்டோ கேம் பெட்டிக்கு வந்த டக்ரிக்ஸ் ஓகர், யசுமி மற்சுனோ செய்தது. 2010இல பிஎஸ்பி எண்ட சோனியின்ர கைக்கேம் பெட்டிக்குத் திருப்பிச் செய்தவை, 2022இல ‘ரீபோர்ண்’ எண்டு இன்னொருக்கால் வந்தது. முதலாம் அத்தியாயத்தின்ர முடிவில பல்மமூசா எண்ட ஊர். அங்க இருக்கிறது உங்கட சொந்தச் சனம், ஆனால் போராட எழும்பினமில்லை. அவையைக் கொலை செய்து, பழியை எதிரியில போட்டால் மிச்சச் சனம் எழும்பும் எண்டு உங்கட பக்கத்துத் தலைமையிட்ட இருந்தே கட்டளை வருது. எங்கட ஊர் ஆக்களுக்கு இந்தக் காட்சியை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கட்டமைப்பைப் பாருங்கோ. ஓம் எண்டால் நடக்கும். மாட்டன் எண்டாலும் நடக்கும், நீங்கள் கொலைகாரன் எண்ட பேரோட ஓடித் திரிவீங்கள். ஓம் எண்ட பாதைக்குப் பேர் ‘சட்டம்’, மாட்டன் எண்டதுக்குப் பேர் ‘குழப்பம்’. பேரை நம்பி அமத்தினவன் அங்கயே விழுந்தான். எல்லாத்திலயும் கெட்டித்தனம் வைஸ் எண்ட கூட்டாளி. நீங்கள் ஓம் எண்டால் அவன் மறுத்துப் பிரிஞ்சு போவான், மறுத்தால் அவன் ஓம் எண்டு நிப்பான். ஒரே ஆள், ஒரே கோபம், நீங்கள் எடுக்காத முடிவை அவன் எடுக்கிறான். உங்கட கேமில கதவுகாவலனுக்கு ஒரு தம்பியோ மச்சானோ வையுங்கோ. கதவை மூடினால் அவன் சிறகுவலைப் பக்கம் போகட்டும், திறந்தால் தோட்டப் பக்கம். அவனுக்கு ரண்டு வசனத் தொகுதி எழுதோணும், ரண்டும் ஒரே குரலில இருக்கோணும். ஒண்டில நல்லவனாயும் மற்றதில வெறியனாயும் எழுதினால் அவன் பொம்மை.

அதோட ஒரு எச்சரிக்கை. ரண்டு பக்கத்தையும் சமனாக் கறுப்பாக்கினால் அறச்சிக்கல் வராது, சலிப்புத்தான் வரும். 1992இல அற்லஸ் வெளியிட்ட ஷின் மெகாமி டென்செய்யில சட்டம், குழப்பம், நடுநிலை எண்டு மூண்டு பாதை. சட்டப் பக்கம் போனால் ஆயிரமாண்டு ராச்சியம், உள்ள இடம் தெரிஞ்செடுத்த ஆக்களுக்கு மட்டும். குழப்பம் எண்டால் பலமுள்ளவன் தின்பான். நடுநிலையில நிக்கிறவன் ரண்டு பக்கத்தோடயும் அடிபடோணும். நல்ல கேம், மறுக்கேல்லை. ஆனால் ரண்டு பக்கமும் இவ்வளவு கோரமா இருக்கேக்க நடுவில நிக்கிறதுக்கு யோசனையே தேவையில்லாமல் போகுது. உங்கட கதையில ஆக்கள் எல்லாருக்கும் நியாயம் இருக்கு, அதைக் கெடுத்துப் போடாதேங்கோ.

சேவ் பற்றி: தெரிவுக்கும் விளைவுக்கும் இடையில தூரம் வையுங்கோ. குரோனோ ரிகர் (1995) எண்ட கேமில வாற திருவிழாக் காட்சியை நினைச்சுப் பாருங்கோ. மோதி விழுந்த பெட்டையிட்ட முதல் போறமோ, விழுந்த பதக்கத்தை முதல் எடுக்கிறமோ, மேசையில கிடந்த ஆற்றையோ சாப்பாட்டைத் திண்டமோ, சின்னப் பிள்ளையின்ர பூனையைக் கொண்டுபோய்க் குடுத்தமோ எண்டு எல்லாத்தையும் கேம் குறிச்சு வைக்கும். அது தெரிவு எண்டே அந்த நேரம் தெரியாது. பேந்து வழக்கு மன்றத்தில சாட்சியா வரும். ஏழு பேர் வாக்குப் போடுவினம். வேடிக்கை என்னெண்டால், குற்றமில்லை எண்டு தீர்ப்பு வந்தாலும் மறியல்தான்.

உங்களுக்கு அளவு சொன்னால்: செயலுக்கும் விளைவுக்கும் இடையில ஆகக்குறைஞ்சது மூண்டு வரைபடமும் (கேமில நடந்து திரியிற இடங்கள்) ஒரு நித்திரையும் இருக்கட்டும். அதுக்குள்ள விளையாடுறவர் நாலஞ்சு தரம் சேவ் பண்ணியிருப்பார், திரும்பிப் போக மனம் வராது. தூரம் கூடினால் இன்னொரு வில்லங்கம்: எதால இது நடந்தது எண்டே தெரியாது, தற்செயல் எண்டு நினைப்பினம். அதுக்கு வழக்குமன்றம் மாதிரி ஒரு இடம் வேணும், முன்னம் செய்ததைப் பேர் சொல்லி எடுத்து வைக்கிற ஒராள். உங்கட ஊரில அது தேத்தண்ணிக் கடையா இருக்கலாம்.

பழையகசற்:

வைஸ் பற்றின இடத்தில முழுசா ஒத்துக்கொள்ளுறன். எண்ணை விடச் சொன்னதில ஒத்துக்கொள்ளேல்லை: பல்மமூசாவில நடந்தது எழுத்தாளர் எழுதினது, உவர் ஏறுறது விளையாடுறவர் செய்தது. ரண்டுக்கும் வலி வேற.

சேவுக்கு இன்னொரு வழி 2015இல ரோபி பொக்ஸ் செய்த அண்டர்ரேல். முதல் பகுதியில ரோரியல் எண்ட பாத்திரத்தைக் கொலை செய்திட்டு, மனம் கேக்காமல் பழைய சேவைத் திறந்து அவவை விட்டால், வாசலில நிக்கிற பேசுற பூ, ‘நீ முதல் என்ன செய்தனி’ எண்டு சொல்லிக் காட்டும். சேவைத் திருப்பினது கதைக்குள்ளயே ஒரு செயலாயிடும். அவவோட சண்டையில ஒரு கண்ணியும் இருக்கு: உயிர் குறைஞ்ச நேரத்தில ஒரு அடி வழமையை விடப் பலமா விழுந்து செத்துப்போவா. களைக்கப் பண்ணி விடலாம் எண்டு நினைச்சு அடிச்சவன் கொலைகாரன்.

இரக்கமில்லாத பாதையில ஒவ்வொரு பகுதியிலயும் ஆக்களைத் தேடித் தேடித் தீர்க்கோணும்: இடிபாடுகளில 20, ஸ்னோடினில 16, வோட்டர்போலில 18, ஹொட்லாண்டும் கோரும் சேர்த்து 40. போகப்போக எதிரி வாறது குறையும், வெறும் தரையில நடந்துகொண்டே இருக்கோணும். கெட்டதைச் செய்ய அலுப்பான வேலை செய்யோணும் எண்டு வைச்சது நல்ல யோசனை.

எம்இசட்டில இதைச் செய்ய, சேவ் கோப்புக்கு வெளியில ஒரு குறிப்பு வேணும். சின்னப் பிளகின் (மேலதிகமாச் சேர்க்கிற நிரல்) ஒண்டில, கேமின்ர பொது அமைப்புகளைப் பதியிற கொன்பிக்மனேச்சரின்ர (ConfigManager) மேக்டேற்றா (makeData), அப்ளைடேற்றா (applyData) ரண்டையும் நீட்டி ‘கதவு திறந்தது’ எண்ட ஒரு மதிப்பைச் சேருங்கோ. தெரிவு முடிஞ்ச உடன கொன்பிக்மனேச்சர் சேவைக் (ConfigManager.save) கூப்பிடுங்கோ, மறந்தால் கேமை மூடேக்க குறிப்பு அழிஞ்சுபோம். எந்தச் சேவைத் திறந்தாலும் அந்த மதிப்பு மாறாது. ஒருக்கால் மட்டும் பாவியுங்கோ. ஒவ்வொரு தெரிவுக்கும் இப்பிடிச் சொல்லிக் காட்டினால் கேம் விளையாடுறவரைக் குத்திக்கொண்டு நிக்கிற மாதிரி இருக்கும்.

சேவை முழுசாப் பூட்டுற கட்டளையும் இருக்கு, ஆனால் மின்சாரம் போனால் ஒரு மணித்தியால வேலை போச்சு எண்டு உங்களைத்தான் திட்டுவினம்.

உவர்க்கிணறு:

மூண்டு மாறியும் மாதமும் போட்டாச்சு, தாயத்தையும் தூக்கியாச்சு. ரண்டு இடத்தில நிக்குது. உவரைக் கூட்டுற கணக்கைப் பொது ஈவென்ற் (எங்கயிருந்தும் கூப்பிடக்கூடிய கட்டளைத் தொகுதி) ஒண்டில ‘பரலல்’ (பின்னால தானா ஓடுறது) எண்டு வைச்சன். கண்மூடித் திறக்க முதல் 100 தாண்டுது. மற்றது, கதைப் பெட்டியில தமிழ் உடையுது. ‘கொடுத்தான்’ எண்டதில கொம்பும் அரவும் தனியாப் போய்ப் புள்ளி வட்டம் வருது. ஆனால் தெரிவுப் பெட்டியில அதே சொல் வடிவா நிக்குது!

நாலாவதுசுவிச்:

பரலல் ஈவென்ற் அதின்ர சுவிச் (ஓம், இல்லை எண்டு மட்டும் வைக்கிற குறி) போட்டிருக்கும்வரை சுத்திக்கொண்டே இருக்கும், செக்கனுக்கு 60 பிரேம். ‘வெயிற்’ வைச்சாலும் அது நாள்க்கணக்குக்கு உதவாது. ‘ரிகர்’ (எப்ப தொடங்கோணும்) எண்ட இடத்தில ‘நண்’ (தானாத் தொடங்காது) எண்டு மாத்திப்போட்டு, கட்டிலில படுக்கிற ஈவென்ற்றில இருந்து ஒருக்கால் மட்டும் அந்தப் பொது ஈவென்ற்றைக் கூப்பிடுங்கோ. கூட்டினாப்பிறகு 0க்குக் கீழயும் 100க்கு மேலயும் போகாமல் ரண்டு நிபந்தனை வையுங்கோ, இல்லாட்டில் மாரியில -40க்குப் போய், பேந்து கோடை முழுக்கத் திறந்து வைச்சாலும் ஒண்டும் நடக்காது.

கிணத்து ஈவென்ற்றுக்கு மூண்டு பக்கம்: முதல் பக்கம் நிபந்தனை இல்லாமல் நல்லதண்ணி, ரண்டாவது உவர் 40க்கு மேல எண்டால் சவர், மூண்டாவது 70க்கு மேல எண்டால் வாயில வைக்கேலாத உப்பு. நிபந்தனை பொருந்திற பக்கங்களில கடைசியா உள்ளதுதான் வேலை செய்யும், அதால வரிசையை மாத்தாதேங்கோ. உவர் இறங்கினால் கிணறு தானாத் திரும்பும். ஆனால் 70இல ஊரை விட்டுப் போன குடும்பத்துக்குத் தன்சுவிச் (அந்த ஈவென்ற்றுக்கு மட்டும் உரிய சுவிச்) ‘ஏ’யைப் போட்டு விடுங்கோ, தண்ணி திரும்பினாலும் அவை திரும்பாயினம். இந்த ஒரு சுவிச் தர்மப் பட்டையை விடக் கனக்கச் சொல்லும்.

தமிழ் உடையிறதுக்குக் காரணம்: கதைப் பெட்டி ஒவ்வொரு குறியாக் காட்டிக்கொண்டு போகுது, ‘க’வை வரைஞ்சிட்டுப் பேந்துதான் ‘ொ’வை வரையும். தெரிவுப் பெட்டி முழு வரியையும் சேர்த்து ஒரேயடியா வரையும், அதுதான் அங்க சரி. ஒவ்வொரு வரியின்ர தொடக்கத்திலயும் \> போடுங்கோ, அந்த வரி ஒரேயடியா வரும், எழுத்தும் ஒட்டும். ஒவ்வொரு எழுத்தா வாற பழைய அழகு போகும், வேற வழியில்லை. முந்தின பதிப்பான எம்வியில இந்த வித்தை சரிவராது, அது உள்ளுக்கயே தனித்தனியாத்தான் வரையும். எம்இசட்டோட வாற எழுத்துருவில தமிழ் இல்லை. தமிழ் எழுத்துரு ஒண்டை ‘பொன்ற்ஸ்’ கோப்புறையில போட்டு, சிஸ்ரம் 2இல அட்வான்ஸ்ட் செற்றிங்ஸில பேரை மாத்துங்கோ. 16 பிட் மாதிரி இருக்கோணும் எண்டு எழுத்தைக் கனக்கச் சின்னனாக்க வேண்டாம், ‘ஞ’வும் ‘ணை’யும் அடைபட்டுப்போம்.

மூண்டாம்பாதை:

தெரிவு வசனத்தைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. ‘ஏழை மீனவருக்கு உதவு’ எண்டு எழுதாதேங்கோ, அது விடை சொல்லிக் குடுத்த கேள்வித்தாள். ‘கதவைத் திற’, ‘கதவை மூடு’. பெயரடை ஒண்டும் வேண்டாம். காரணத்தை விளையாடுறவர் தன்ர மண்டைக்குள்ள வைச்சிருக்கட்டும். ‘ஷோ சொய்சஸ்’ கட்டளையில ‘டிபோல்ற்’ எண்டதை ‘நண்’ ஆக்குங்கோ, கதையை வாசிக்காமல் பொத்தானை அமத்திக்கொண்டு போறவர் முதலாவதைத் தெரியாமல் தெரிஞ்செடுக்கக்கூடாது.

அதே கட்டளையில ‘கான்சல்’ எண்டு ஒண்டு இருக்கு, அதில ‘பிரான்ச்’ தெரிஞ்சால் விலக்கிற பொத்தானுக்குத் தனிக் கிளை வரும். கதவுகாவலன் ஒண்டும் பேசாமல் வீட்டை போறதை அதுக்குள்ள எழுதுங்கோ. திரையில மூண்டாவது தெரிவு எண்டு காட்டவே வேண்டாம்.

உவர்க்கிணறு:

\> வேலை செய்யுது, நன்றி அண்ணை. அந்தக் கிளையில கதவு எந்த நிலையில இருக்கோணும்? நேற்று இருந்த மாதிரியே விடுறதோ?

மூண்டாம்பாதை:

இரவு மச்சான் திறப்பை எடுத்துக்கொண்டு போவான். அவன் எந்தப் பக்கம் நிக்கிறான் எண்ட சுவிச்சைப் பாத்து கதவை மாத்துங்கோ, விடிய உவர்க் கணக்கு வழமை போல ஓடட்டும். தேத்தண்ணிக் கடையில மட்டும் திறந்தது கதவுகாவலன் எண்டுதான் கதைப்பினம்.